ஜெர்மனியில் சேர்ந்துபோகும் கடிதங்களை அடுக்கி வைத்த அனுபவம்

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நம்மூர்த் தம்பி ஒருவரும் அவர் மனைவியும் புதிதாகக் குடிவந்தார்கள். வேலை, வீடு எல்லாம் நல்லபடியாக அமைந்துவிட்டது, ஆனால் வந்த கடிதங்கள் முழுக்க ஒரு ஷூ பெட்டிக்குள், பாதி பிரிக்காமலே கிடந்தன. விசா புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து தேதி வந்ததும் "அண்ணா, ஒரு நாள் வந்து இதெல்லாம் என்னன்னு பார்த்துச் சொல்றீங்களா" என்று கேட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையைக் காலி செய்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அன்று என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன், புதிதாக வருகிற எல்லோருக்கும் இதே பெட்டிதான் வந்து சேர்கிறது.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொண்டோம். கடிதத்தை அனுப்பியவர் யார் என்று பார்த்து அடுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அது பாதி வேலைதான். ஒவ்வொரு தாளையும் கையில் எடுத்து "இதை அடுத்து யார் நம்மிடம் கேட்பார்கள்?" என்று கேட்டால்தான் அதற்கு இடம் கிடைக்கும். சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுப்பது கம்பெனி, ஆனால் கம்பெனி அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை. வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கும், வீடு மாறும்போது புது வீட்டுக்காரர் கேட்பார், குழந்தை பிறந்தால் பெற்றோர் உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம் கேட்கும். பெட்டியின் அடியில் தம்பி சென்னையிலிருந்து வந்த விமான டிக்கெட்டின் ரசீது இருந்தது. "இது எதுக்குண்ணா" என்று கசக்கப் போனார். வேலைக்காக இடம் மாறிய செலவை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டலாம், அப்போது வரி அலுவலகம் கேட்கும். ரசீது பிழைத்தது.

பெட்டியைத் தொடுவதற்கு முன் கீழே போய்த் தபால் பெட்டியைப் பார்த்தோம். இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும். வீட்டில் இருப்பவர் செந்தில், கடிதம் வருவது 'ஹெர் முருகேசன்', அதாவது திரு. முருகேசன் பெயருக்கு. மனைவி பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருந்தால் அவருக்கு 'ஃப்ராவ் ராஜேந்திரன்', அதாவது திருமதி ராஜேந்திரன் என்று வரும். ஆக இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நான்கு பெயர் வேண்டும். சின்னத் தாளில் நான்கையும் பெரிய எழுத்தில் அடித்து, மேலே டேப் ஒட்டிப் பெட்டியில் சொருகினோம். தண்ணீர் பட்டால் மை கரையும், அதனால் டேப் அவசியம். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் இருப்பவர்கள் அந்த வீட்டுக்காரர் பெயரோடு சேர்த்துத் தங்கள் பெயரையும் ஒட்டச் சொல்ல வேண்டும். இதில் கூச்சப்படக் கூடாது. வரி அடையாள எண், வங்கிக் கார்டு, அதன் பின் நம்பர், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வருகின்றன.

அப்புறம் கடைக்குப் போனோம். எட்டு சென்டிமீட்டர் முதுகு கொண்ட ஓர்ட்னர் என்ற கெட்டி அட்டை ஃபைல் இரண்டு, பிரிப்பு அட்டைகள், மேல்பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறைகள், ஒரு பஞ்சிங் மெஷின், ஒரு மெல்லிய ஃபைல், கடிதங்களைப் போட்டு வைக்க ஒரு தட்டு. இருபது யூரோ பக்கம் ஆனது. நெம்புகோலைத் தூக்கினால் வளையம் திறக்கும் அந்த ஓர்ட்னர் இதே ஸ்டுட்கார்ட்டுச் சரக்கு, லூயிஸ் லைட்ஸ் 1896-இல் கொண்டுவந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1886-இல், பான் நகரத்தில் ஃப்ரீட்ரிஷ் ஸோனெக்கன் பஞ்சிங் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இன்றைக்கும் இந்த நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுவர் முழுக்க அதே ஓர்ட்னர்தான்.

ஓட்டை போடுவதிலும் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. நம்மூர் அலுவலகங்களில் இடது மேல்மூலையில் ஒரு ஓட்டை போட்டு டேக் கயிறு கோப்பார்கள். இங்கே இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை, நடுவே எட்டு சென்டிமீட்டர் இடைவெளி. அலுவலகக் கடிதங்களின் இடது ஓரத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய கோடுகள் மூன்று இருக்கும். மேலும் கீழும் இருப்பவை தாளை மடிப்பதற்கு. நடுவில் இருப்பது ஓட்டைக்கு. பஞ்சிங் மெஷினில் இருக்கும் அம்புக்குறியை அந்த நடுக்கோட்டில் வைத்து அழுத்தினால் எல்லாத் தாளும் ஒரே மட்டத்தில் நிற்கும். தம்பியின் மனைவி இந்தக் கோட்டைக் கண்டுபிடித்ததும் அந்த வேலையை அவரே வாங்கிக்கொண்டார்.

சரி, பெட்டி. எல்லா உறைகளையும் கத்தியால் மேல் ஓரத்தில் கீறிப் பிரித்து, உள்ளே இருந்த தாளையும் உறையையும் தனித்தனியாக வைத்தோம். வெள்ளை உறைகள் நேராகக் காகிதக் குப்பைக்கு. மஞ்சள் உறை வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும். மஞ்சள் உறை என்றால் சட்டப்படி நம்மிடம் சேர்த்துவிட்டார்கள் என்று பதிவாகிற கடிதம். வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராத ஆணை, நீதிமன்றத்திலிருந்து வரும் பண வசூல் ஆணையான மான்பெஷைட் போன்றவை இப்படி வரும். நாம் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டு, போட்ட தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். கெடு அந்தத் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும், நாம் எப்போது பிரித்தோம் என்பது கணக்கில்லை. மான்பெஷைட், அபராத ஆணை இரண்டுக்குமே மறுப்புத் தெரிவிக்க இரண்டே வாரம்தான். அதனால் மஞ்சள் உறையைத் தூக்கிப் போடாமல் கடிதத்தின் பின்னால் ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள். அந்த எழுதிய தேதிதான் நம் கையில் இருக்கும் அத்தாட்சி.

தம்பிக்கு ஜெர்மன் இன்னும் சரளமாக வராது. ஆனால் ஒரு கடிதத்தை அடுக்குவதற்கு முழுவதும் படிக்க வேண்டியதில்லை, நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். ஜன்னல் உறையில் தெரியும் முகவரிக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரே வரியில் அனுப்பியவர் பெயர். வலது மேல்பக்கம் தேதியும் கோப்பு எண்ணும், நாம் பதில் எழுதினாலோ போன் செய்தாலோ முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். தடித்த எழுத்தில் பொருள் வரி, அதில் 'பெஷைட்' என்று முடிகிற சொல் இருந்தால் அநேகமாக அது ஒரு ஆணை. கடைசியாக, கடைசிப் பக்கத்தில் 'ரெஷ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்' என்ற நீளமான தலைப்பில் ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் அந்த முடிவை எதிர்த்து எழுத நமக்கு உரிமை உண்டு, எத்தனை நாளுக்குள், எந்த அலுவலகத்துக்கு என்பதும் அங்கேயே இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதம். மீதியைப் போனில் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்ளலாம், ஆனால் இந்தப் பத்தியை மட்டும் ஜெர்மன் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த ஒரு மாதத்தை எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. சாதாரணத் தபாலில் வரும் வரி ஆணை, அனுப்பிய நாளிலிருந்து நான்காவது நாள் நமக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். 2024 வரை இது மூன்று நாளாக இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து நான்காக மாறியது. உதாரணத்துக்கு 2025 மார்ச் 3-ஆம் தேதி தபாலில் விட்ட ஆணை மார்ச் 7-இல் கிடைத்ததாகக் கணக்கு, ஏப்ரல் 7 வரை எதிர்த்து எழுதலாம். கடைசி நாள் சனி, ஞாயிறு, விடுமுறை என்று வந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். நாங்கள் கெடு உள்ள ஒவ்வொரு தாளிலும் வலது மேல்மூலையில் பென்சிலால் இரண்டு தேதி எழுதினோம்: வந்த நாள், முடியும் நாள். முடியும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகப் போன் காலண்டரிலும் போட்டோம். பேனாவால் எழுத வேண்டாம், இதே தாளை நாளைக்கு நகலெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது மேசையில் மூன்று குவியல். விளம்பரம், கெடு உள்ளவை, மற்றவை. விளம்பரக் குவியலில் கவனம் தேவைப்பட்டது, ஏனென்றால் மிக முக்கியமான ஒரு கடிதம் பார்ப்பதற்கு விளம்பரம் போலவே இருக்கும். வானொலி தொலைக்காட்சிக் கட்டணமான ருண்ட்ஃபுங்க்பைட்ராக் பற்றியது அது. டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கில்லை, வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டில் வேறு யாராவது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய ஒன்பது இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும், இரண்டு முறை கட்ட வேண்டாம். தம்பி வீட்டில் இந்தக் கடிதம் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்திருந்தது. கணவர் எண்ணைக் குறிப்பிட்டு மனைவி பெயரில் அன்றே பதில் அனுப்பினோம்.

முதல் ஓர்ட்னர் தினசரிக் கடிதங்களுக்கு. பிரிப்பு அட்டைகளில் தமிழிலேயே எழுதினோம்: வீடு, வேலை, வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வங்கி, மின்சாரமும் இணையமும், மற்ற காப்பீடுகள், ருண்ட்ஃபுங்க். ஒவ்வொன்றிலும் புதியது மேலே, பழையது கீழே. இதற்கு மேல் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இருபது அட்டை வைத்தவர்கள் மூன்றே மாதத்தில் எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் பெட்டிக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். வீடு பிரிவில் வாடகை ஒப்பந்தம், சாவி வாங்கிய நாளில் சுவர்க் கீறல் முதல் மீட்டர் ரீடிங் வரை எழுதிக் கையெழுத்திட்ட ஒப்படைப்புத் தாள், முன்பணம் கட்டிய ரசீது மூன்றும் ஒரே உறையில். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை (இதரச் செலவு சேராத வாடகை) வரை போகும், அது திரும்பக் கைக்கு வரும்வரை அந்த உறை அசையக் கூடாது.

முதல் பக்கமாக ஒரே ஒரு தாள் வைத்தோம், இது மட்டும் நாங்களே எழுதியது. பதினோரு இலக்க வரி அடையாள எண், ஓய்வூதியக் காப்பீட்டு எண், மருத்துவக் காப்பீட்டு எண், ருண்ட்ஃபுங்க் எண், இரண்டு பேருக்கும். முதல் மூன்றும் வாழ்நாள் முழுக்க மாறாது. வரி அலுவலகம் கொடுக்கும் வரி எண் என்று இன்னொன்று உண்டு, அது ஊர் மாறினால் மாறலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதுங்கள். புது வேலையில் சேரும்போது கம்பெனியின் ஆட்பிரிவு முதலில் கேட்பது வரி அடையாள எண்ணையும் ஓய்வூதியக் காப்பீட்டு எண்ணையும்தான்.

இரண்டாவது ஓர்ட்னரில் ஓட்டையே கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த அசல்கள்: பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், பட்டம், ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண், டிசி, பழைய பாஸ்போர்ட்டுகள், அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்புகள். எல்லாமே பிளாஸ்டிக் உறைக்குள். அசலில் ஓட்டை போடக் கூடாது, லேமினேட்டும் செய்யக் கூடாது. நம்மூரில் பட்டத்தை வாங்கிய கையோடு லேமினேட் செய்துவிடும் பழக்கம் இருக்கிறது. முத்திரையைத் தடவிப் பார்க்கவோ பின்பக்கம் சான்று முத்திரை அடிக்கவோ அதற்குப் பிறகு வழியில்லை. மொழிபெயர்ப்பையும் அசலின் நகலையும் மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தால் ஸ்டேப்ளரைக் கழற்றி ஸ்கேன் செய்யாதீர்கள், கழற்றினால் அதன் மதிப்பு போய்விடும், அப்படியே மடக்கிப் படம் எடுங்கள். நம்மூர் முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம், உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓரம் கிழிகிறது. அவற்றைக் கீழ்ப்பக்கம் ஒரே ஒரு மடிப்பு மடித்து, எழுத்தின் மேல் மடிப்பு விழாமல் வைத்தோம்.

இந்த ஓர்ட்னரின் முன்னால் பெயர்த் தாள் ஒன்று. பத்தாவது மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பட்டத்தில் இனிஷியல் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பிறப்புச் சான்றில் பெயரே இல்லாமல் பெற்றோர் பெயர் மட்டும் இருக்கும். இங்கே கவுன்ட்டரில் இருப்பவருக்கு இவை நான்கு வேறு ஆட்கள். எந்த ஆவணத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு பக்கத்தில் அட்டவணையாக எழுதி வைத்தால், கேட்கும் முன்பே விளக்கிவிடலாம். பிறப்புச் சான்றில் பெயர் சேர்ப்பது போன்ற வேலைகளை ஊருக்குப் போகும்போது முடித்துக்கொண்டு வருவதே நல்லது, இங்கிருந்து தூரத்தில் ஆள் வைத்துச் செய்வது பெரும்பாடு.

அதன் பிறகு மெல்லிய ஃபைல், அதாவது விசா ஃபைல். தம்பியின் உடனடித் தேவை இதுதான், அதனால் இதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். இதில் இருப்பது எல்லாமே நகல், வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கும் வரிசையிலேயே: பாஸ்போர்ட், இப்போதைய விசா அட்டை, முகவரிப் பதிவுச் சான்று, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு உறுதிக் கடிதம், ஓய்வூதியச் சந்தா விவரம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போது எத்தனை மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டியிருக்கிறோம் என்பதுதான் முக்கியக் கணக்கு. ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை விசா) உள்ளவருக்கு 27 மாதம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை முடித்திருந்தால் 21 மாதம். திறன் தொழிலாளர் விசாவில் இருப்பவருக்கு 36 மாதம். வேலை கொடுத்தவர் வருடத்துக்கு ஒருமுறை தரும் சமூகக் காப்பீட்டுப் பதிவுத் தாளை இதற்காகவே ஓய்வூதியம் வரும்வரை வைத்திருக்க வேண்டும். எங்கேயாவது ஒரு மாதம் விடுபட்டால் காட்டுவதற்கு நம்மிடம் இருப்பது அதுதான். விசா அட்டையோடு தனியே வரும் பின் நம்பர் கடிதத்தை அட்டையோடு பர்ஸில் வைக்காமல் இரண்டாவது ஓர்ட்னரில் ஓர் உறைக்குள் வைத்தோம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஸ்கேன். தனி மெஷின் எதுவும் வேண்டாம், போன் போதும், ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், கருப்பு மேசைவிரிப்பின் மேல் தாளை வைத்து எடுத்தால் ஓரம் சுத்தமாக வெட்டும். கோப்புக்குப் பெயர் வைப்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வருடம், மாதம், நாள், அனுப்பியவர், பொருள். வருடத்தை முதலில் எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்திக் கொடுக்கும். ஒரு பிரதி கடவுச்சொல் போட்ட கிளவுடில், இன்னொன்று பென்டிரைவில் போட்டு ஊரில் தம்பியின் அக்கா வீட்டுக்கு. வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைப்பதைச் சேமிப்பு என்று எண்ண வேண்டாம். ஸ்கேன் இருக்கிறது என்று அசலைத் தூக்கிப் போடவும் கூடாது. அசலைக் கண்ணால் பார்த்தால்தான் நகலுக்கு முத்திரை போட்டுத் தருவார்கள்.

எதை எப்போது கழிப்பது என்பது கடைசிக் கேள்வி. சாதாரணக் கொடுக்கல் வாங்கல் கோரிக்கைகள் மூன்று வருடத்தில் காலாவதியாகும், ஆனால் அந்த மூன்று வருடம் எண்ணத் தொடங்குவது அந்த வருடக் கடைசியிலிருந்து. 2025 மே மாத பில் 2028 முடியும்வரை இருக்கட்டும். வாடகையோடு கட்டும் தண்ணீர், குப்பை போன்ற இதரச் செலவுகளுக்கு வீட்டுக்காரர் அனுப்பும் கணக்கு அந்தக் கணக்கு வருடம் முடிந்து 12 மாதத்துக்குள் வந்தாக வேண்டும், வந்தபின் அதைக் கேள்வி கேட்க நமக்கு 12 மாதம். கட்டாயமில்லாமல் நாமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்ய நான்கு வருடம் வரை நேரம் உண்டு, 2021-க்கான கணக்கு என்றால் 2025 கடைசி வரை, எனவே ரசீதுகளும் அதுவரை. சான்றிதழ், பிறப்பு, திருமணம், ஓய்வூதியம் இவை எதையும் எப்போதும் கழிக்கக் கூடாது. கழிப்பதைக் கையாலாவது குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்துப் போடுங்கள், பெயரும் எண்ணும் முழுதாகக் குப்பைக்குப் போகக் கூடாது.

வாங்கிய தட்டைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தோம். வருகிற கடிதம் அன்றே பிரித்து, பென்சில் தேதி போட்டுத் தட்டுக்குள். தட்டு ஞாயிற்றுக்கிழமை காலியாகும். சாயங்காலம் கிளம்பும்போது தம்பி கேட்டார், "வீடு மாறினா மறுபடியும் எல்லாம் முதல்ல இருந்தாண்ணா?" இல்லை. முதல் ஓர்ட்னரின் பிரிப்பு அட்டைகளை வரிசையாகப் புரட்டினாலே யாருக்கெல்லாம் புது முகவரி சொல்ல வேண்டும் என்ற பட்டியல் வந்துவிடும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும், அப்போதே விசா அட்டையிலும் முகவரி ஒட்டித் தருவார்கள். தபால் அலுவலகத்தில் பணம் கட்டிப் பழைய முகவரிக் கடிதங்களை 6 மாதமோ 12 மாதமோ புது வீட்டுக்குத் திருப்பிவிடச் சொல்லலாம், கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தனியார் கூரியர்காரர்கள் கொண்டுவரும் கடிதங்கள் அதில் சேராது, சில அலுவலகங்கள் உறையின் மேலேயே 'திருப்பி அனுப்ப வேண்டாம்' என்று அச்சிட்டிருக்கும். அவர்களுக்கெல்லாம் கோப்பு எண்ணைப் போட்டு இரண்டு வரியில் தனித்தனியே கடிதம் எழுதிவிடுவதுதான் வழி.